குழம்புக்குப் பின்

வடகாஞ்சி என்று பக்தர்கள் போற்றும் மீஞ்சூருக்கு வேறொரு பாக்கியமும் உண்டு. வடகிழக்கே பழவேற்காட்டு ஏரி. தென்கிழக்கே எண்ணூர்க் கழிமுகம். பக்கத்திலேயே கொசஸ்தலை ஆறு. ஆகவே நல்ல மடவையும் இறாலும் நண்டும் இவ்வட்டாரத்து ஜனங்களுக்குப் பட்டணத்துச் சீமான்களுக்கு முன்பாகவே கிடைத்துவிடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடையைச் சுற்றிக் கூட்டம் கூடுவதையும், அரிவாள்மனையில் செதில் பறப்பதையும் பார்த்தால் பசியில்லாதவனுக்கும் பசி எடுக்கும். அன்று மாலை அதே வழியாக நடந்து போனால் எடுத்த பசி போய்விடும். மாலை விஷயத்தைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத உத்தேசம். நம் வாசகர்களில் சைவர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதை மறக்கவில்லை. ஆனால் மூக்கு எல்லோருக்கும் பொதுவானதல்லவா?

முதலில் நம்முடைய குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். மீஞ்சூரில் நமக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தூண்டில் போடுவதில் அவருக்கு ஒரே பைத்தியம். விற்பதற்காக அல்ல, வீட்டுக் குழம்புக்காக மட்டுமே பிடிக்கிறவர். சென்ற மாதம் ஒரு நாள் நான்கு பெரிய கெளிறுகளைக் கொண்டுவந்து நம் வீட்டில் இறக்கினார். குழம்பு பிரமாதமாக அமைந்தது. பிறகு மிஞ்சியது ஒரு பை நிறையக் குடலும் செவுளும். குப்பை வண்டி அன்று வராது. மறுநாள் வரை வீட்டில் வைத்திருக்க வீட்டுக்காரி சம்மதிக்கவில்லை. இருட்டிய பிறகு, திருடனைப் போல் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கால்வாய் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தோம். விடிந்து பார்த்தால், தெரு நாய் ஒன்று அதை இழுத்து வந்து எதிர் வீட்டுக் கோலத்தின் நடுவே பிரித்துப் போட்டிருந்தது. எதிர் வீட்டு அம்மாள் யாரையோ வைது கொண்டிருந்தார். அந்த யாரோ நாம்தான் என்பது இதைப் படித்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

இப்படிச் செய்வதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 2016-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் பிறப்பித்த திடக்கழிவு விதிகள், எவரும் தம் வீட்டுக் கழிவைத் தெருவிலோ பொதுவெளியிலோ சாக்கடையிலோ நீர்நிலையிலோ எறியவும் புதைக்கவும் கூடாது என்று கண்டிப்பாய்ச் சொல்லின. மக்கும் குப்பையை வேறாகப் பிரித்து வைத்து, வண்டிக்காரரிடம் கொடுக்க வேண்டும் என்றன. தவறினால் அந்த இடத்திலேயே அபராதம் விதிக்கும்படி ஸ்தல ஸ்தாபனங்கள் உபவிதிகள் செய்துகொள்ளலாம் என்றும் ஏற்பாடு செய்தன.

ஆனால் அதே விதிகள் ஸ்தல ஸ்தாபனத்துக்கும் ஒரு கடமையை விதித்திருந்தன. காய்கறி, பழம், பூ, இறைச்சி, கோழி, மீன் ஆகியவற்றின் மார்க்கெட்டுகளிலிருந்து அன்றாடம் கழிவைச் சேகரிக்க வேண்டும். மார்க்கெட்டிலேயோ அதன் அருகிலேயோ உரக் கிடங்கோ சாணவாயுக் கலம் போன்ற வாயு நிலையமோ அமைக்க ஊக்கம் அளிக்க வேண்டும் என்பது அது. இதற்கு முந்திய 2000-ஆம் ஆண்டு விதிகளிலும், மீன் மார்க்கெட்டுக் கழிவை வீணாக்காமல் உபயோகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றே கண்டிருந்தது. பின்னால் விதிகளை எப்படித் திருத்தி எழுதினாலும், ஒரு பக்கம் ஜனங்களின் கடமை, மறுபக்கம் ஸ்தாபனத்தின் கடமை என்ற இந்த ஜோடியைப் பிரித்துவிட முடியாது. அனுபவத்தில் நாம் காண்பது என்ன? அபராதம் பற்றிய பலகை முதலில் வந்துவிடுகிறது. தொட்டி அதன் பின்னால் நிதானமாக வருகிறது.

இதில் ஒரு பெரிய அநீதியும் ஒளிந்திருக்கிறது. வீட்டில் நாற்றம் வேண்டாம் என்று, வாங்குகிற இடத்திலேயே மீனை ஆய்ந்து வெட்டித் தரச் சொல்லுகிறவர்கள் நாம்தான். சதை நம் பைக்கு வருகிறது. செதிலும் குடலும் கூடைக்காரியின் காலடியில் தங்கிவிடுகின்றன. நம்முடைய கழிவை அவள் தலையில் ஏற்றிவிட்டு, 'எவ்வளவு அசுத்தம்!' என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். சாலையோரத்தில் மீன் வெட்டும் ஒரு மூதாட்டியிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தோம். "கொட்டாதே கொட்டாதேன்னு எல்லாரும் சொல்றாங்க ஐயா. எங்கே கொட்டணும்னு ஒருத்தரும் சொல்லலியே!" என்றாள். சட்டப் புத்தகத்தை எவ்வளவு புரட்டினாலும் இதைவிடத் தெளிவான வாதம் அகப்படாது.

கூடைக்காரியையாவது மார்க்கெட் என்ற சொல்லுக்குள் எப்படியோ அடக்கிவிடலாம். நம் நண்பரைப் போன்றவர்களை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? ஏரிக்கரையிலும் ஆற்றுப் பாலத்தடியிலும் தூண்டில் போட்டுவிட்டு, கரையிலேயே மீனைக் கழுவிக்கொண்டு போகிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கடையும் இல்லை, லைசென்ஸும் இல்லை. ஆகவே அவர்களுடைய கழிவுக்கும் விலாசம் இல்லை.

இந்த விலாசமில்லாத கழிவினால் ஓர் ஊரே திண்டாடிய கதை அமெரிக்காவின் அலாஸ்கா ராஜ்யத்தில் உண்டு. அங்கே கீனாய் என்று ஒரு நதி. அதன் முகத்துவாரத்தில் அதே பெயரில் சுமார் ஏழாயிரம் பேர் வாழும் சிறு நகரம். ஒவ்வொரு ஜூலை மாதமும் சால்மன் மீன் கடலிலிருந்து நதிக்குள் ஏறி வருகிறது. அலாஸ்காவாசிகள் மட்டும், தங்கள் சொந்த உபயோகத்துக்காக, நீண்ட காம்பு வைத்த கைவலையால் அதை வாரிக்கொள்ள அந்த ராஜ்ய சர்க்கார் அனுமதித்திருக்கிறது. குடும்பத் தலைவருக்கு 25 மீன், மற்ற ஒவ்வொரு அங்கத்தினருக்கும் 10 மீன் என்று கணக்கு. விற்கக் கூடாது. (நம் கடைகளில் காலா மீனுக்கு 'இந்தியன் சால்மன்' என்று நாமகரணம் செய்து விலையை ஏற்றுகிறார்களே, அதற்கும் இதற்கும் குலமும் வேறு, கோத்திரமும் வேறு.) ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கடற்கரையில் கூடாரம் அடித்து, அங்கேயே மீனை அறுத்து, தலையையும் எலும்பையும் குடலையும் மணலில் விட்டுவிட்டுச் சதையோடு ஊர் திரும்பின. தலையை எறிந்துவிட்டுப் போகிறார்கள் என்று கேட்டபோது நம் நண்பர் கண்ணீர் விடாத குறைதான். குழம்புக்கு ராஜாவே அதுதான் என்பது அவர் சித்தாந்தம்.

மீன் பிடிக்க அனுமதி கொடுப்பது ராஜ்ய சர்க்கார். கூட்டிப் பெருக்குவதோ நகரசபை. நம் நாட்டு ஸ்தல ஸ்தாபனங்களுக்கு நன்றாகப் பழகிப்போன துன்பம்தான் இது! கீனாய் நகரசபை அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கழிவை மணலில் விட்டுப் போகக் கூடாது, எடுத்துக்கொண்டு போக வேண்டும், அல்லது ஓடுகிற தண்ணீரில் சேர்க்க வேண்டும் என்று கட்டளையிட்டது. வண்டி நிறுத்தவும் கூடாரம் அடிக்கவும் கட்டணம் வாங்கியது. அந்தப் பணத்தைக் கொண்டு, மீன்பிடிப்பு ஓய்ந்திருக்கும் நேரத்தில் டிராக்டரில் வாரு பூட்டி மணலை வாரி, கழிவை அலை கொண்டுபோகும்படி தள்ளியது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. எடுத்துக்கொள்ளக் கூடாததும் உண்டு. ஓடுகிற தண்ணீரில் சேர்ப்பது என்ற பகுதி நமக்கு உதவாது. கீனாயில் கடல் ஆறு மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. எண்ணூர்க் கடற்கரையில் ஏற்றவற்றத்தின் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். போதாக்குறைக்கு முகத்துவாரங்களை மணல் தூர்த்துவிடுகிறது. கொசஸ்தலையோ வருஷத்தில் பெரும்பகுதி ஓடாத ஆறு. அங்கே அலை அடித்துக்கொண்டு போவது இங்கே அப்படியே கிடந்து அழுகும். அழுகும் கழிவு தண்ணீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிட, உயிரோடிருக்கிற மீனும் செத்து மிதக்கும். எண்ணூர்க் கழி ஏற்கெனவே அனல் நிலையச் சாம்பலையும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெயையும் சுமந்தது. நம் பங்குக்கு வேறு சேர்க்க வேண்டியதில்லை.

எடுத்துக்கொள்ள வேண்டியது, முதலில் வசதி, பிறகு கட்டணம், அதன் பிறகே கண்டிப்பு என்ற வரிசையை. மீன் கழிவு காத்திருக்காது. நம் வெயிலில் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் அதன் சேதியைத் தெருவெங்கும் அறிவித்துவிடும். ஆதலால் மற்றக் குப்பையோடு மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்ற முறை இதற்குச் செல்லாது. மூடி போட்ட தொட்டி ஒன்று மீன் வெட்டும் இடத்திலேயே இருக்க வேண்டும். ஏரிக்கரையிலும் பாலத்தடியிலும் ஒவ்வொன்று. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் ஒரு நடை வண்டி வர வேண்டும். வெட்டுகிற இடத்தில் ஒரு குழாயும் சிமெண்டுத் தளமும் வேண்டும். இதற்காக, மீன் வாங்குகிறவரிடம் இரண்டொரு ரூபாய் வாங்கினால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். கூடைக்காரியிடம் வாங்குவதுதான் தப்பு.

அப்படிச் சேர்த்ததை என்ன செய்வது? இங்கேதான் நம் நண்பர் நமக்குக் குருவானார். அவருடைய கொல்லையில் மூடிய வாளி ஒன்று இருக்கிறது. மீன் குடலும் செவுளும் எவ்வளவோ, அவ்வளவு எடை நாட்டு வெல்லம் கலந்து இறுக மூடி நிழலில் வைத்துவிடுகிறார். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் தேன் நிறத்தில் ஒரு திரவம். நாற்றம் போய்ப் பழ வாசனை அடிக்கிறது. இதற்கு மீன் அமிலம் என்று பெயர். 2013-ல் மறைந்த நம்மாழ்வார் அவர்களின் வழியில் இயற்கை விவசாயம் செய்கிறவர்களுக்கு இது பழகிய சரக்கு. தண்ணீரில் நிறையக் கலந்து பயிருக்குத் தெளிக்கிறார்கள். பொன்னேரி தாலுகாவில் நெல் வயலுக்கா பஞ்சம்? வெல்லம் விற்கும் விலையில் ஓர் ஊர்க் கழிவு முழுவதற்கும் இதைச் செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவ்வளவுக்கு விதிகளில் கண்ட வாயு நிலையமோ, கோழித் தீவனத்துக்கு மீன் தூள் செய்கிறவர்களோதான் துணை. ஆனால் தூண்டில்காரர் வீட்டுக்கும், மீன் வாங்கும் ஒரு சிறு குடும்பத்துக்கும் அரைக் கிலோ வெல்லம் தாராளமாய்ப் போதும்.

ஸ்தல சுயாட்சி வேண்டும் என்று ரிப்பன் பிரபு தீர்மானம் வெளியிட்டது 1882-ல். 1901-ல் கல்கத்தா காங்கிரஸ் பந்தலில் கக்கூஸ்களின் கோலத்தைக் கண்ட காந்திஜி, பிறரை ஏவாமல் தாமே துடைப்பத்தை எடுத்தார். 1992-ல் அரசியல் சாஸனத்தைத் திருத்தியபோது, நகர ஸ்தாபனங்களின் பொறுப்பில் விடக்கூடிய காரியங்களின் அட்டவணையில் துப்புரவையும் திடக்கழிவையும் பெயர் சொல்லியே சேர்த்தார்கள். அதிகாரம் காகிதத்தில் வந்து வெகு காலமாயிற்று. அரிவாள்மனைக்குப் பக்கத்தில் ஒரு தொட்டியாக அது எப்போது வந்து உட்காரும் என்றுதான் அந்த மூதாட்டி கேட்கிறாள்.

எதிர் வீட்டு அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. கொல்லையில் புதிய வாளி ஒன்றும் காத்திருக்கிறது. நண்பரின் தூண்டிலில் இந்த வாரம் ஒன்றும் அகப்படவில்லையாம். வாங்கி வைத்த வெல்லத்தில் வீட்டுக்காரி இன்று பாயசம் செய்துவிட்டாள்.