தலைவலியும் தாயத்தும்



கால் எலும்பு முறிந்தவனை ஜோசியரிடம் தூக்கிக்கொண்டு போகின்றவர்கள் நமது நாட்டில்கூடச் சிலர்தான். ஏனெனில் முறிவு கண்ணுக்குத் தெரிகின்றது. ஆனால் ஒற்றைத் தலைவலியோ வெளியில் வீக்கத்தையும் காட்டுவதில்லை, காயத்தையும் காட்டுவதில்லை. நோய் கண்ணுக்குத் தெரியவில்லை என்றவுடனே, கண்ணுக்குத் தெரியாத பேயும், திருஷ்டியும், கிரகமும்தான் அதற்குக் காரணம் என்று சொல்லிப் பிழைப்பவர்களுக்கு வேட்டையாகிவிடுகின்றது. மந்திரித்த கயிறு, எலுமிச்சம்பழம், தாயத்து, பரிகாரம் என்று ஏழையின் காசு நான்கு பக்கமும் பறக்கின்றது. வலி மாத்திரம் அடுத்த மாதமும் தவறாமல் வருகின்றது.

இந்த நோயின் லட்சணம் என்ன? பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில் நாடி துடிப்பதுபோல் வலி தெறிக்கும். குமட்டலும் வாந்தியும் வரும். வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது. சிலருக்கு வலிக்கு முன்னால் கண்ணெதிரே கோணல் கோணலாக ஒளிக்கோடுகள் தோன்றும். மருந்து கொடுக்காவிட்டால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரையில் இருந்துவிட்டுத் தானே போய்விடும்.

“தானே போய்விடும்” என்ற இந்த இடத்தைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். மந்திரவாதியின் முதலீடு முழுவதும் இதில்தான் இருக்கின்றது. முதல் நாள் வலி வந்தது. இரண்டாம் நாள் விபூதி போட்டார்கள். மூன்றாம் நாள் நின்றது. உடனே “விபூதியின் மகிமையைப் பார்த்தாயா?” என்கின்றார்கள். விபூதி போடாதவனுக்கும் மூன்றாம் நாள் நின்றதே, அது யாருடைய மகிமை என்று கேட்கின்றோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை வைத்துக்கொண்டு, பனம்பழத்திற்கும் காக்கைக்கும் தட்சணை வாங்குவது என்ன யோக்கியதை?

நிற்க. காரணத்தைத் தேடினவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்ப்போம். 1948ம் வருஷத்தில் அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரத்தில் ராப்போர்ட், கிரீன், பேஜ் என்ற மூவர், இரத்தம் உறைந்த பிறகு தெளிந்து நிற்கும் நீரிலிருந்து ஒரு வஸ்துவைப் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் தலைவலிக்கு மருந்து தேடினவர்களல்ல; இரத்தக் கொதிப்பின் காரணத்தைத் தேடினவர்கள். அந்த வஸ்து இரத்தக் குழாயை இறுக்கியபடியால் அதற்குச் செரட்டோனின் என்று பெயர் வைத்தார்கள். நம் உடம்பிலுள்ள செரட்டோனினில் பெரும்பகுதி குடலில் இருக்கின்றது. மூளையிலுள்ளது சொற்பமே, ஆனால் அது நரம்புக்கு நரம்பு சேதி கொண்டுபோகும் வேலையைச் செய்கின்றது.

1961ல் இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து வைத்தியர் சிக்குட்டேரி, வலி வந்த சமயத்தில் நோயாளியின் சிறுநீரில் செரட்டோனினின் கழிவு அதிகப்படுவதைக் கண்டார். 1967ல் சிட்னி நகரத்தில் லான்ஸும் அவருடைய கூட்டாளிகளும், வலியின்போது இரத்தத்தில் அதன் அளவு குறைவதைக் கண்டார்கள். நம் நாட்டுச் சர்ப்பகந்தாச் செடியின் வேரிலிருந்து எடுத்த ரெசர்பின் என்ற மருந்து, உடம்பில் சேர்ந்திருக்கும் செரட்டோனினைக் காலி செய்யக்கூடியது. அதை இந்த நோயுள்ளவர்களுக்குக் கொடுத்தபோது வலி கிளம்பிற்று. செரட்டோனினை ஊசியால் ஏற்றியபோது வலி தணிந்தது. காரண காரியத்தைத் தேடுவது என்பது இதுதான்.

ஆனால் செரட்டோனினையே ஊசி போட்டால் அது உடம்பெங்கும் போய்க் குமட்டலையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கிற்று. செரட்டோனின் ஒரு சாவி என்றால், உடம்பில் அது திறக்கும் பூட்டுகள் பல வகை. ஆகவே தலையின் இரத்தக் குழாய்களிலும் நரம்பு நுனிகளிலும் உள்ள பூட்டுக்கு முக்கியமாகப் பொருந்தும் சாவியை இங்கிலாந்தில் கிளாக்சோ கம்பெனியில் பாட்ரிக் ஹம்ப்ரி என்பவரும் அவர் கூட்டத்தாரும் பல வருஷ காலம் தேடினார்கள். அப்படிக் கிடைத்த சுமாட்ரிப்டான் என்ற மருந்து 1991ல் விற்பனைக்கு வந்தது.

அதை எப்படிப் பரீட்சித்தார்கள் தெரியுமா? நோயாளிகளில் ஒரு பகுதியாருக்கு மருந்து ஊசி, மற்றொரு பகுதியாருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால், மருந்து ஊசி போட்டவர்களில் 100க்குச் சுமார் 70 பேருக்கு வலி தணிந்திருந்தது. வெறும் ஊசி போட்டவர்களிலும் 100க்குச் சுமார் 25 பேருக்குத் தணிந்திருந்தது! தோழர்களே, இந்த 25 பேர்தான் நம் ஊர்ச் சாமியாருக்குச் சாட்சி சொல்லுகின்றவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தங்களுக்கு நேர்ந்ததைத்தான் சொல்லுகின்றார்கள். ஆனால் மீதி 75 பேரை எந்தச் சாமியாராவது என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா? எண்ணினால் கடை நடக்குமா?

“உங்கள் விஞ்ஞானம் நேற்று ஒன்று, இன்று ஒன்று சொல்லுகின்றதே, எங்கள் சாஸ்திரம் மாறாதே” என்று சிலர் பெருமை பேசுகின்றார்கள். மாறியது உண்மைதான். இரத்தக் குழாய் விரிவதே வலிக்குக் காரணம் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். பிறகு, முகத்திற்கும் தலைக்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பின் நுனிகளிலிருந்து சிஜிஆர்பி என்ற வேறொரு வஸ்து வலியின்போது வெளிப்படுவதைக் கோட்ஸ்பி, எட்வின்சன் முதலியவர்கள் 1990ல் காட்டினார்கள். சுமாட்ரிப்டான் கொடுத்தால் அது குறைவதும் தெரிந்தது. 2018 முதல் அந்த வஸ்துவையே தடுக்கும் மருந்துகள் வந்திருக்கின்றன. 2019ல் இரத்தக் குழாயை இறுக்காமலே செரட்டோனினின் வேறொரு பூட்டைத் திறக்கும் லாஸ்மிடிடான் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆகவே “செரட்டோனின் குறைவு” என்று ஒரே வார்த்தையை மந்திரம்போல் சொல்லுவதும் போதாது. தப்பைக் கண்டால் திருத்திக்கொள்ளுவது அறிவுக்கு அழகே ஒழிய இழிவல்ல. மாறாத சாஸ்திரம் ஏன் மாறவில்லை? ஒரு நாளும் பரீட்சைக்கு நிற்காதபடியால்தான்.

இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று பங்கு அதிகம். மாதவிலக்கை ஒட்டி உடம்பிலுள்ள ஈஸ்ட்ரஜன் என்ற சுரப்பு குறைவதும் பலருக்கு வலியைக் கிளப்பிவிடுகின்றது. ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கின்றது? இருட்டறையில் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் மருமகளை “வேலைக்குக் கள்ளி, மாய்மாலம் செய்கின்றாள்” என்கின்றார்கள். அதிகம் துடித்தால் “பேய் பிடித்திருக்கின்றது” என்று வேப்பிலை ஒடிக்கின்றார்கள். ஆணுக்கு வந்தால் நோய், பெண்ணுக்கு வந்தால் நடிப்பு அல்லது பேய் என்றால், இது எந்த ஊர் நியாயம்? வாந்தியெடுத்து வாடுகின்றவளுக்கு வசவு கொடுக்கின்றவர்கள், பூசாரிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை வைத்தியருக்குக் கொடுக்க ஏன் மனம் வரவில்லை?

தாயத்தை விட்டவர்கள் மாத்திரையைத் தெய்வமாக்கிவிடவும் கூடாது. மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் சாதாரண வலி மாத்திரையையோ, 10 நாள் அல்லது அதற்கு மேல் சுமாட்ரிப்டான் வகை மருந்தையோ தொடர்ந்து விழுங்கினால் அந்த மருந்தே தலைவலியை வளர்க்கும். மார்வலி நோய், பக்கவாதம், அடங்காத இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்குச் சுமாட்ரிப்டான் ஆகாது. வலி அடிக்கடி வருகின்றவர்களுக்கு வராமல் தடுக்கத் தனி மருந்துகள் இருக்கின்றன. அவைகளை வைத்தியர்தான் ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். திடீரென்று இடி விழுந்ததுபோல் வலித்தாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், கைகால் வழங்காமற்போனாலும், 50 வயதுக்கு மேல் புதிதாக வந்தாலும், ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முடிவாக ஒன்று சொல்லுகின்றோம். நாம் சொல்லுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். நோட்டுப் புத்தகமானாலும் சரி, காலண்டரானாலும் சரி, வலி வந்த தேதி, நின்ற நேரம், சாப்பிட்ட மருந்து, கட்டிய கயிறு எல்லாவற்றையும் மூன்று மாதம் எழுதி வையுங்கள். அதை வைத்தியரிடம் காட்டுங்கள். அவருக்கு அது பெரிய உதவியாயிருக்கும். அதே கணக்கைக் கயிறு கட்டினவரிடமும் கொண்டுபோய்க் காட்டி, அவர் என்ன பதில் சொல்லுகின்றார் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.