அளவுக்கு வெட்டிப் பூட்டும் வால்வுகள்: தடைக்காலம் விட்டுச்சென்ற தொழில்

காலபோக விதைப்புக்கு வயல் உழும் நாட்களில் உழவு இயந்திரத்தின் எக்ஸோஸ்ற் வால்வு எரிந்துபோனால் வன்னி விவசாயிக்குக் காத்திருக்க நேரமில்லை. சரியான உதிரிப்பாகம் கிடைக்காவிட்டால், வேறொரு எஞ்சினுக்குரிய வால்வைக் கடைசல் பட்டறையில் கொடுத்து, அளவுக்கு வெட்டிப் பூட்டிக்கொண்டு வயலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இந்த வித்தையைத் தடைக்காலமே எங்களிடம் வளர்த்தது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோலும் பற்றரியும் வடக்குக்கு வர முடியவில்லை. சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சிறுவயதில் கண்ட ஞாபகம் எனக்கும் உண்டு. மண்ணெண்ணெய் முழுமையாக எரியாததால் வால்வில் கரி படியும். வால்வு சரியாக மூடாது, விளிம்பு எரியும். அதைத் தீட்டவும் மாற்றவும் எங்கள் மெக்கானிக்குகள் தாங்களாகவே பழகிக்கொண்டார்கள்.

யுத்தம் 2009 இல் முடிந்தது, தேவை முடியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. 2024 இல் வற் வரி 18 வீதமானது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு வழி திறந்தாலும், வரியோடு சேர்ந்த விலை சாதாரண குடும்பத்துக்கு எட்டாதது. ஆகவே பழைய எஞ்சின்தான் இன்னும் உழைக்க வேண்டும்.

“எங்கட ஆக்கள் எதையும் ஓடவைப்பினம்” என்று பெருமைப்படுகிறோம். அந்தப் பெருமையில் ஒரு விடயம் மறைந்துபோகிறது. வால்வுத் தலையின் விட்டத்தைக் குறைப்பதும் முகத்தை 45 பாகையில் தீட்டுவதும் நல்ல கடைசற்காரருக்குச் சிரமமல்ல. தண்டில்தான் ஆபத்து. அதன் நுனி, ரொக்கர் ஆமின் அடியைத் தாங்கக் கடினமாக்கப்பட்டது. அந்தப் படை மெல்லியது. நீளத்தைக் குறைக்க அதையும் தாண்டித் தேய்த்தால் நுனி நசுங்கத் தொடங்கும். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் பூட்டுக்குப் புதுத் தவாளிப்பு வெட்டும்போது மூலை கூர்மையாக விடுபட்டால் அங்கேதான் வெடிப்பு விழும். முறிந்த வால்வு சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்ரனும் ஹெட்டும் சேர்ந்து போகும். இன்லெற் வால்வை எக்ஸோஸ்ற் பக்கம் போடுவதும் அப்படித்தான். அளவு சரியாக வந்தாலும் உலோகம் அந்தச் சூட்டைத் தாங்காது. சில வால்வுகளின் தண்டுக்குள் சோடியம் இருக்கும். அவற்றை வெட்டவே கூடாது, அது தண்ணீர் பட்டால் வெடிக்கும்.

இழப்பு யாருடையது? கடன்பட்டு உழவு இயந்திரம் வாங்கியவருடையது. எந்த வால்வு, எவ்வளவு வெட்டப்பட்டது என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

மெக்கானிக்கைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. மைக்ரோமீற்றரும் உலோகக் கடினத்தை அளக்கும் கருவியும் அவர் கைக்கு எட்ட வேண்டும். வகுப்புக்குப் போகாமலே அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் உண்டு. அதை மாவட்டத் தொழிற்பயிற்சி அதிகாரிகள் பட்டறை வாசலுக்கே கொண்டுபோகலாம். அதுவரை, வெட்டிய அளவைப் பற்றுச்சீட்டின் பின்புறத்திலாவது எழுதித் தரும்படி கேளுங்கள்.