செக் ஒன்று போதுமே, பிள்ளைகள் ஏன் வாசிக்கணும்?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

சரஸ்வதி பூஜைக்கு முன்னாடி 21 நாள், நம்ம சமய வகுப்புப் பிள்ளைகளை வச்சு ஒரு வாசிப்புச் சவால் நடத்தப் போறோம்னு போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் அறிவிச்சோம். பிள்ளை தினமும் 20 நிமிஷம் வாசிக்கும். சொந்தபந்தத்துல நாலு பேர், வாசிச்ச ஒவ்வொரு நாளுக்கும் ஆளுக்கு 50 காசு கொடுப்பாங்க. சேர்ற பணம் பள்ளி பஸ் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்களுக்கு.

அறிவிச்ச அன்னிக்கே பல பேர் கேட்டது ஒரே கேள்விதான். “இதுக்கு ஏன் இவ்வளவு வேலை? ஒரு டத்தோவைப் போய்ப் பார்த்தா ஒரே செக்குல முடிஞ்சிடுமே?”

நியாயமான கேள்வி. முதல்ல கணக்கைச் சொல்லிடுறோம். 21 நாளுக்கு ஒருத்தர் கொடுக்கிறது 10 வெள்ளி 50 காசு. நாலு பேர்னா 42 வெள்ளி. 30 பிள்ளைங்க ஒரு நாள்கூட விடாம முடிச்சா 1,260 வெள்ளி. நம்ம பக்கத்துல பள்ளி பஸ்ஸுக்கு ஒரு பிள்ளைக்கு மாசம் 100 வெள்ளிக்கு மேல கேட்கிறாங்க. ஆக, 30 பிள்ளை வாசிச்சா ஒரே ஒரு பிள்ளை ஏறக்குறைய ஒரு வருஷம் பள்ளிக்குப் போகும். ஆனா உதவி கேட்டு வந்திருக்கிறது மூணு குடும்பம்.

பஸ் காசுதானேன்னு நினைக்காதீங்க. தோட்டங்கள் மேம்பாட்டுக்குப் போனப்போ நம்ம ஜனங்க டவுன் பக்கம் பிளாட்டுக்கு வந்தாங்க. நாட்டுல 500-க்கும் மேல தமிழ்ப்பள்ளி இருக்கு, ஆனா எல்லா பிளாட்டுக்குப் பக்கத்துலயும் இல்ல. அப்பா, அம்மா ரெண்டு பேருக்கும் ஷிப்ட் வேலை. காலையில யார் கொண்டு போய் விடுறது? பஸ்காரருக்கு ரெண்டு மாசம் பாக்கி விழுந்தா பிள்ளை வீட்டுல உட்கார்ந்துடும்.

இவ்வளவு அவசரம்னா செக்கே வாங்கிடலாமேன்னு நீங்க கேட்கலாம். வாங்கலாம். கொடுக்க மனசு உள்ளவங்க தாராளமா ஆலயத்துக்குக் கொடுங்க, தனி ரசீது போட்டுத் தர்றோம். மத்த ரெண்டு குடும்பத்துக்கும் அது உதவும். ஆனா வாசிப்புக் கணக்குல அதைக் கலக்க மாட்டோம். எங்க கருத்து இதுதான்: இந்தப் பணம் பிள்ளைங்க வாசிச்ச நிமிஷத்துக்குத்தான் வரணும்.

பால்குடம் எடுக்கிறதா வேண்டிக்கிட்டா நாமதான் எடுக்கிறோம். காசு கொடுத்து இன்னொருத்தரைத் தூக்கச் சொல்றதில்ல. திருவாசக முற்றோதலும் அப்படித்தான். 51 பதிகம், 658 பாட்டு, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாடுறோம். யாரோ ஒருத்தர் நமக்குப் பதிலா உட்கார முடியாது. உடம்பும் நேரமும் கொடுக்கிறதுதான் தொண்டு.

இன்னொரு விஷயம், எங்களுக்கு இதுதான் முக்கியம். செக் வந்தா என்ன நடக்கும்னு நமக்குத் தெரியும். பெரிய அட்டையில செக், மேடை, போட்டோ. பக்கத்துல தலை குனிஞ்சு நிக்கிற ஒரு பிள்ளை. மறுநாள் பள்ளியில அந்தப் பிள்ளைக்கு என்ன பேர் வரும்? வாசிப்புச் சவால்ல அந்தப் பிள்ளையும் மத்தவங்களோட சேர்ந்து வாசிக்கும். 50 காசு கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் 20 நிமிஷம் இருக்கு. யாருக்குப் பணம் போகுதுன்னு பொருளாளருக்கும் ஆசிரியைக்கும் மட்டும்தான் தெரியும். வாங்கப் போற பிள்ளையும் கொடுக்கிற வரிசையில நிக்கணும்.

சில்லறை சேர்த்துப் பெரிய காரியம் பண்றது நமக்குப் புதுசு இல்ல. 1950-களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’னு நிதி திரட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்துல நம்ம மொழி படிக்கணும், தமிழ்ப் புத்தகம் இருக்கணும்னு சாதாரணத் தொழிலாளிங்க ஒரு வெள்ளி, ரெண்டு வெள்ளியா கொடுத்தாங்க. இந்திய இயல் துறை 1956-ல வந்தது, இன்னிக்கும் கோலாலம்பூர்ல இருக்கு. அந்த ஒரு வெள்ளி கொடுத்தவர் “அது எங்க துறை”ன்னு சொல்லிக்கலாம். இந்த உரிமை நம்ம பிள்ளைங்களுக்கும் கிடைக்கட்டும்.

ஏன் புத்தகத்தை எண்ணாம நிமிஷத்தை எண்ணுறோம்னும் கேட்டாங்க. பள்ளியில நிலாம் திட்டம் எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். எத்தனை புத்தகம்னு எண்ண ஆரம்பிச்சா, பின் அட்டையைப் பார்த்துச் சுருக்கம் எழுதுற பிள்ளைங்களும் வந்துடுறாங்க. நம்மள்ல பாதிப் பேர் பேக்டரி ஆளுங்க. டார்கெட் வச்சா எண்ணிக்கை வந்துடும், தரம் வராதுன்னு நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. வேகமா வாசிக்கிற பிள்ளை 20 நிமிஷத்துல 15 பக்கம் போகும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை நாலு வரிதான் போகும். ரெண்டுக்கும் அதே 50 காசு. முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது.

மொழி விஷயத்துல நிர்வாகத்துலயே ரெண்டு கருத்து இருந்துச்சு. ஆலயத்துல நடக்கிறது, தமிழ் மட்டும்தான் வாசிக்கணும்னு சிலர் சொன்னாங்க. அவங்க ஆதங்கம் எங்களுக்கும் இருக்கு. ஆனா நம்ம வகுப்புல தேசியப் பள்ளிக்குப் போற பிள்ளைங்க இருக்காங்க. தேவாரத்தை ரூமி எழுத்துல எழுதி வச்சுப் பாடுறாங்க. தமிழ் மட்டும்னு சொன்னா முதல்ல வெளியே போறது அவங்கதான். அதனால இப்படி முடிவு பண்ணோம். முதல் 5 நிமிஷம் கண்டிப்பா தமிழ், நாலு எழுத்தா இருந்தாலும் சரி. மீதி 15 நிமிஷம் மலாயோ ஆங்கிலமோ, பிள்ளையோட விருப்பம். அந்த 5 நிமிஷம் வீட்டுல ஒரு பெரியவர் பக்கத்துல உட்காரணும். தாத்தா பாட்டிக்குப் படிக்கத் தெரியாட்டியும் பரவாயில்ல. கேட்டுட்டு அட்டையில கைநாட்டு வச்சா போதும்.

பண விஷயத்தையும் சொல்லிடுறோம். பிள்ளைங்க கதவு தட்டி வசூல் பண்ணக் கூடாது. வீடு வீடா வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேணும், பிள்ளைங்க பாதுகாப்பும் இருக்கு. நாலு பேரும் குடும்பத்துக்குத் தெரிஞ்சவங்களா இருக்கணும். பிள்ளை கையில பணம் கொடுக்காதீங்க. 21 நாள் முடிஞ்சதும் பெற்றோர் ஆலய கவுண்டர்ல கட்டி ரசீது வாங்கணும். மொத்தம் எவ்வளவு, எத்தனை மாச பஸ் கட்டணம் ஆச்சுன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம். எந்தப் பிள்ளை எவ்வளவு சேர்த்துச்சுன்னு ஒட்ட மாட்டோம்.

சரஸ்வதி பூஜை அன்னிக்கு அட்டைகளையும் புத்தகங்களையும் அம்மாள் பாதத்துல வைப்போம். அன்னிக்கு யாரும் வாசிக்க வேண்டாம். விஜயதசமி காலையில எடுத்துத் திரும்ப வாசிக்க ஆரம்பிக்கலாம். அதுக்கு 50 காசு கிடையாது. அப்பவும் எத்தனை பிள்ளைங்க புத்தகத்தைத் திறக்கிறாங்கன்னு பார்ப்போம்.

அட்டை இந்த வெள்ளி பூஜைக்குப் பிறகு கவுண்டர்ல கிடைக்கும். உங்க பிள்ளையை அனுப்புங்க. பிள்ளை இல்லாதவங்க நாலு பேர்ல ஒருத்தரா இருங்க. வீட்டுல சும்மா கிடக்கிற நல்ல தமிழ்ப் புத்தகம் இருந்தா கொண்டு வாங்க, வாங்க முடியாத பிள்ளைங்களுக்கு உதவும்.

எங்க முடிவுல மாற்றுக் கருத்து இருந்தா நேர்ல வந்து சொல்லுங்க, கேட்டுக்கிறோம்.

— ஆலயத் தொண்டர் குழு