வீட்டுக் கணினி வீட்டாருக்கே: டி. கல்லுப்பட்டி கொள்கைப் பிரகடனம்

ஒரு கருவி வேலை செய்தால் மட்டும் போதாது. அதைக் கையாள்பவரை அது யாருக்கும் அடிமையாக்கக் கூடாது. ஜே.சி. குமரப்பாவின் வாழ்விலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம் இது. 1934-இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்திய அவர், தம் கடைசி ஆண்டுகளை நம்மூர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். கிராமத்துக் கருவிகள் கிராமத்தார் கையில் இருக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். டி. கல்லுப்பட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் வாழும் நாங்கள் அதே வாதத்தை வீட்டுக் கணினிக்காக எழுப்புகிறோம்.

இன்றைய நிலை

பட்டா நகல், ஆதார், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், கல்யாணப் படங்கள், வங்கிக் கணக்கு எல்லாம் கணினிக்குள் வந்துவிட்டன. காவல்தான் வரவில்லை. விலை கொடுக்க முடியாத மென்பொருளை ‘கிராக்’ செய்து போடுகிறோம். கூடவே வைரஸும் ஏறிக்கொள்கிறது. பிடிபடுவோமோ என்ற பயத்தில் அப்டேட்டையும் நிறுத்திவைக்கிறோம். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கணினிகளே மாட்டின.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ பல பழைய கணினிகளில் இல்லாத டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். நன்றாக ஓடும் பழைய கணினி ஒரே நாளில் காவலற்றதாகிவிட்டது. அந்த நாளைக் குறித்தவர் அதன் சொந்தக்காரர் அல்லர்.

மாற்று வழி புதிதல்ல. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற மென்பொருளுக்கான குனு திட்டத்தை அறிவித்தார். எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே பார்த்துத் திருத்தலாம், நகலெடுத்துக் கொடுக்கலாம், திருத்தியதையும் கொடுக்கலாம் என்ற நான்கு உரிமைகள் கொண்டதே கட்டற்ற மென்பொருள். அவ்வகையில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளிலேயே வந்தது. பல வீடுகளில் அது திறக்கப்படாமலே கிடந்தது.

எங்கள் கொள்கைகள்

1. காவல் காக்கும் மென்பொருளின் மூலநிரல் எல்லோர் பார்வைக்கும் திறந்திருக்க வேண்டும். அதில் குறையே இராது என்று நாங்கள் சொல்லவில்லை. இணையத் தொடர்பைப் பூட்டிக் காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்-இல் இருந்த ஹார்ட்பிளீட் ஓட்டை 2014-இல்தான் வெளிவந்தது. அதுவரை இரண்டாண்டு யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் 2024 மார்ச்சில் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவிக்குள் யாரோ மறைத்துவைத்திருந்த பின்வாசலைக் கண்டுபிடித்தார். மூலநிரல் திறந்திருந்ததால் ஒரு தனிமனிதர் அதைத் துருவ முடிந்தது.

2. பக்கத்து வீட்டுக்கு நகல் கொடுப்பது குற்றமாக இருக்கக் கூடாது. கட்டற்ற மென்பொருளுக்கு மாறினால் ‘கிராக்’ தேவைப்படாது. பிடிபடும் பயமின்றி அப்டேட் செய்யலாம்.

3. ஓடும் கணினியைக் காயலான் கடைக்குத் தள்ளக் கூடாது. டெபியன், லினக்ஸ் மின்ட் போன்றவை பழைய கணினிகளிலும் நன்றாக ஓடும்.

4. எச்சரிக்கை புரிந்தால்தான் காவல். ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆஃபிஸும் தமிழ் இடைமுகத்தோடு கிடைக்கின்றன, தமிழிலேயே சொல்லித்தருவோம்.

5. கருவியால் எல்லாவற்றையும் தடுத்துவிட முடியாது. “உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இருக்கு” என்று போனில் பேசுபவர் சொன்னதை நம்பி நாமே கதவைத் திறந்துவிட்டால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

நாங்கள் செய்யப்போவது

கேட்டு வருவோரின் கணினியில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவர் கையாலேயே செய்ய வைப்போம். முதலில் கோப்புகள் அனைத்தையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகலெடுப்போம். பிறகு டிஸ்கை மறைகுறியாக்கி லினக்ஸ் நிறுவி, யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை இயக்குவோம். ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் சேர்த்தால் ஏமாற்று விளம்பரங்கள் பெரிதும் குறையும். பாஸ்வேர்டுகளைக் கீபாஸ்எக்ஸ்சி-யில் பூட்டிவைக்கலாம். அதன் முதன்மைப் பாஸ்வேர்டு உரியவருக்கு மட்டுமே தெரியும், எங்களுக்குத் தெரியாது. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவைக் கிளாம்ஏவி-யால் சோதித்த பின்பே திறக்கப் பழக்குவோம். விண்டோஸை விட முடியாதவர்களை ஒதுக்க மாட்டோம். இவற்றில் ஃபயர்ஃபாக்ஸ், கீபாஸ்எக்ஸ்சி, கிளாம்ஏவி விண்டோஸிலும் இயங்கும்.

பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே இணைய மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

இவ்வியக்கத்துக்குக் கட்டணமோ கட்சியோ கிடையாது. கற்றுக்கொண்டவர் இன்னொரு வீட்டுக்குக் கற்றுத்தர வேண்டும் என்ற ஒரே நிபந்தனை உண்டு. பேரையூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து மாணவர்களே, ஆசிரியர்களே, இ-சேவை மையம் நடத்துவோரே, வாருங்கள். வீட்டில் தூங்கும் பழைய கணினியையும் எடுத்து வாருங்கள்.