உள்ளே இருப்பவரும் வெளியே நடப்பவரும்

நேற்று சீமான்களுக்கு மட்டும் கிடைத்த சுகம், இன்று மூட்டை ஏற்றும் வண்டியிலேயே கிடைக்கிறது. இது எப்படி நடந்தது? அமெரிக்க வண்டிகள் இரண்டைப் பார்ப்போம்.

ஒன்று, 1959-ம் ஆண்டு காடிலாக் கார். அந்நாளில் அது பணக்காரரின் பெருமைச் சின்னம். நீளம் 18 அடி 9 அங்குலம். பின்புறம் மீன் துடுப்பைப் போல இரண்டு தகடுகள் உயர்ந்து நிற்கும்.

மற்றொன்று, இன்றைய போர்டு எப்.150 பிக்அப் லாரி. முன்னே ஆட்கள் அமரும் அறை. பின்னே சரக்கு ஏற்றும் திறந்த தொட்டி. ஆனால் உள்ளே ஏறினால் மாளிகைதான்! விலை உயர்ந்த வகைகளில், முதுகைப் பிடித்துவிடும் இருக்கைகூட உண்டு.

சக்தியிலும் லாரியே முந்துகிறது. காடிலாக்கின் என்ஜின் 6.4 லிட்டர், சக்தி 325 குதிரை. லாரியின் என்ஜின்களில் ஒன்று 3.5 லிட்டர்தான், சக்தியோ 400 குதிரை! காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ கருவியே இதற்கு முக்கிய காரணம்.

உயிர்ப் பாதுகாப்பு எப்படி?

2009-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. காடிலாக்கைச் செய்த அதே ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் 1959-ம் ஆண்டு செவர்லே கார் ஒன்றையும், 2009-ம் ஆண்டு செவர்லே ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். உள்ளே பொம்மை மனிதர்களை உட்கார வைத்திருந்தார்கள். பழைய காரின் அறை நசுங்கிவிட்டது. உண்மையான மனிதர் என்றால் பிழைத்திருக்க மாட்டார். புதிய காரில் இருந்தவருக்கோ காலில் சிறு காயம் ஏற்படும் அளவுதான்.

ஆம், வண்டிக்கு உள்ளே இருப்பவரை விஞ்ஞானம் காப்பாற்றிவிட்டது. வெளியே நடப்பவர் கதி என்ன?

அந்தச் சோதனையை நடத்திய அதே நிறுவனம், பாதசாரிகள் அடிபட்ட சுமார் 18,000 விபத்துகளை ஆராய்ந்து, 2023-ல் முடிவை வெளியிட்டது. முன்மூடி 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், 30 அங்குலத்துக்கு மேற்படாத, சரிந்த முகப்புள்ள வண்டியைவிடச் சாவு நேரும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம்! பெரிய பிக்அப் லாரிகளின் முகப்பு பெரும்பாலும் இந்த உயரத்தைத் தாண்டுகிறது. நாலு வயதுக் குழந்தையின் உயரமே ஏறக்குறைய 40 அங்குலந்தான். முகப்புக்கு அருகே அந்தக் குழந்தை நின்றால், ஓட்டுகிறவர் கண்ணில் படுவது எப்படி?

இப்போது இத்தகைய லாரிகளில், குறுக்கே வரும் ஆளைக் கண்டு தானே பிரேக் போடும் கருவி வந்திருக்கிறது. நல்லது. ஆனால் அது மட்டும் போதாது. முகப்பின் உயரத்தைக் குறைத்து, சரிவாகவும் அமைக்க வேண்டும். மூட்டை சுமக்க வலிமை வேண்டும். அதற்கு முரட்டு முகம் எதற்கு?

வண்டி வாங்குகிறவர் ஒருவர். அது போகும் தெருவோ எல்லோருக்கும் சொந்தம். வண்டி செய்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.