காத்து மட்டும் போதும்னு யார் சொன்னது?

ஏர் பிளான்ட் பார்த்திருப்பீங்க. மண் வேண்டாம், தொட்டி வேண்டாம், மேஜையில சும்மா வச்சா போதும்னு சொல்லி விக்கிறாங்க. நாமளும் பர்த்டே கிஃப்ட்டுக்கு வாங்கிக் கொடுக்கிறோம். சில மாசத்துல அது வைக்கோல் மாதிரி ஆகிடும். "எனக்குக் கைராசி இல்லடா"ன்னு ஒரு பெருமூச்சு, அப்புறம் குப்பைக்கூடை.

கைராசி மேல பழி போடாதீங்க. பாதிச் செடிகளைக் கொல்றது அந்தப் பேருதான்.

இதோட தாவரவியல் பேர் டில்லான்சியா. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மெக்சிகோ, குவாத்தமாலா மாதிரி நாடுகள்ல மரக்கிளையிலயும் பாறையிலயும் ஒட்டிக்கிட்டு வளரும். வேர் பிடிமானத்துக்குத்தான், தண்ணி குடிக்கிறது இலை. இலை மேல சாம்பல் பூத்த மாதிரி தெரியறது ட்ரைக்கோம்ங்கிற நுண்ணிய செதில்கள். மழை, மூடுபனி எல்லாத்தையும் உறிஞ்சறது அதுதான். நம்ம ஏசி ரூம்ல அதுக்கு மழையும் கிடையாது, பனியும் கிடையாது. அப்போ தண்ணியை நாமதான் கொடுக்கணும்.

வாரம் ஒரு தடவை ஒரு கிண்ணத் தண்ணியில முழுசா முக்கி, 20 முதல் 30 நிமிஷம் விடுங்க. காலையில செய்யறது நல்லது. ஏன்னா இந்தச் செடி ராத்திரியிலதான் இலைத்துளையைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கும். அப்போ இலை ஈரமா இருந்தா அதுக்கு மூச்சு முட்டும். வெளிய எடுத்ததும் தலைகீழாப் பிடிச்சு உதறி, காத்தோட்டமான இடத்துல 4 மணி நேரத்துக்குள்ள காயவிடுங்க. இதை விட்டுட்டா நடுவுல தேங்கின தண்ணியே செடியை அழுக வச்சிடும். மூடின கண்ணாடி ஜாடிக்குள்ள அடைச்சாலும் அதே கதைதான்.

மழைத்தண்ணி கிடைச்சா பெஸ்ட். உப்புப் படியற போர் தண்ணியும், ஆர்.ஓ. மெஷின் கழிச்சு விடற தண்ணியும் வேண்டாம். அழகுக்காகச் செம்புக் கம்பியில கட்டாதீங்க, செம்பு இதுக்கு விஷம்.

இலை உள்பக்கமா சுருண்டு, நுனி காய்ஞ்சிருக்கா? தாகமா இருக்குன்னு அர்த்தம். தூக்கிப் போடாதீங்க. ஒரு அஞ்சாறு மணி நேரம் ஊற வச்சு, நல்லா காயவிட்டு, நேர் வெயில் படாத ஜன்னல் பக்கம் வைங்க. சில நாள் கழிச்சு திரும்ப ஊற வைங்க. அடிப்பாகம் கறுத்து, கொழகொழன்னு ஆகி, நடு இலை கையோட வந்தா மட்டும்தான் முடிஞ்சுபோச்சு. பூத்த செடி மெதுவா வாடினா பயப்படாதீங்க, அது இயல்பு. அடியில குட்டி விட்டிருக்கான்னு பாருங்க.

"பராமரிப்பு கம்மி" வேற, "பராமரிப்பே வேண்டாம்" வேற. விக்கிறவங்க இந்த ரெண்டையும் குழப்பி விட்டுடறாங்க. செடியும் உடனே எரர் மெசேஜ் காட்டாது. ரொம்ப நாள் பச்சையாவே இருந்து நம்மளை ஏமாத்தும். லேப்ல ஒரு சின்ன ஐசிக்குக்கூட டேட்டாஷீட் பார்க்காம சப்ளை கொடுக்க மாட்டோம். உயிருள்ள ஒண்ணுக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

அடுத்த தடவை கிஃப்ட் பண்றப்போ கூட ஒரு துண்டுச்சீட்டு வைங்க: "வாரம் ஒரு குளியல். தலைகீழா உதறு. காயவிடு." இந்த மூணு வரி போதும், அந்தச் செடி பிழைச்சுக்கும்.