லைசென்சு சுவரில் தொங்குது! மருந்தாளுநர் எங்கே?

உசிலம்பட்டி பஸ் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு மருந்துக்கடை. பெயர் வேண்டாம். ராத்திரி ஏழு மணி. ஆண்டிப்பட்டி பஸ்சைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு பாட்டி, இடுப்பில் பேரனோடு வந்து நின்றார்.

"தம்பி, ரெண்டு நாளாப் புள்ளைக்குச் சளிப்பா. விடிய விடிய இருமுறான். ஒரு மருந்து குடுப்பா."

கடைப் பையனுக்குப் பதினெட்டு வயசு இருக்கலாம். புள்ளைக்கு என்ன வயசு என்று கேட்கவில்லை. காய்ச்சல் உண்டா என்றும் கேட்கவில்லை. அலமாரியில் கைவிட்டு ஒரு டானிக் பாட்டிலை எடுத்தான். "காலைல ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி அப்பத்தா" என்றான். பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்தார். அரை நிமிஷத்தில் வியாபாரம் முடிந்தது!

பையன் தலைக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் கடை லைசென்சு தொங்கியது. பக்கத்திலேயே மருந்தாளுநரின் சான்றிதழ்.

"இவர் எங்கே தம்பி?"

"சாப்பிடப் போயிருக்காருண்ணே."

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனோம். அப்போதும் சாப்பிடத்தான் போயிருந்தார். மூன்றாம் நாள், மதுரைக்குப் போயிருந்தார். சான்றிதழ் மட்டும் ஆணி அடித்த இடத்தை விட்டு அசையவில்லை.

"இது என்னய்யா பெரிய குற்றம்? ஊர் உலகத்தில் நடக்காததா?" என்று கேட்பவர்கள், 2025ஆம் வருஷத்தை ஒரு தடவை நினைத்துப் பார்க்கவேண்டும்.

20 பிஞ்சு உயிர்கள்

மத்தியப் பிரதேசம், சிந்த்வாரா மாவட்டம். சளி, காய்ச்சல் என்று போன குழந்தைகளுக்கு "கோல்ட்ரிப்" என்ற இருமல் மருந்தை டாக்டர் எழுதிக் கொடுத்தார். குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது. நாக்பூர் ஆஸ்பத்திரிகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப் போயின. பெரும்பாலும் ஐந்து வயசுக்கு உட்பட்டவை.

அந்த மருந்து எங்கே தயாரானது? வடநாட்டில் அல்ல. நம்ம காஞ்சிபுரம் மாவட்டம், சுங்குவார்சத்திரத்தில்! "ஸ்ரீசன் பார்மா" என்ற கம்பெனி.

அக்டோபர் முதல் தேதி தகவல் வந்ததும் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஆலைக்குள் நுழைந்தார்கள். மறுநாளே சோதனை முடிவு வந்துவிட்டது. "எஸ்.ஆர்.13" என்ற பேட்ச் மருந்தில் டைஎத்திலின் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம். 0.1 சதவீதத்தைத் தாண்டக்கூடாத சரக்கு, பாட்டிலில் பாதி இருந்தது. சிறுநீரகத்தைக் கொல்லும் ரசாயனம் அது. இனிப்பாக வேறு இருக்கும். குழந்தை முகம் சுளிக்காமல் குடிக்கும்.

அதிகாரிகள் வேகமாகத்தான் வேலை செய்தார்கள். அதைப் பாராட்டவேண்டும். ஆனால் அந்தச் சோதனையில் ஆலைக்குள் கண்ட குறைகள் 350க்கு மேல்! ஒரே ராத்திரியில் முளைத்தவையா அவை? லைசென்சு வாங்கிப் பல வருஷம் ஓடிய ஆலை. அதிகாரிகள் இரண்டு பேர் சஸ்பெண்டு ஆனார்கள். கம்பெனி முதலாளி கைதானார். அக்டோபர் 13ஆம் தேதி லைசென்சு ரத்தானது. அதற்குள் குழந்தைகளைப் புதைத்து முடித்துவிட்டார்கள்.

சுங்குவார்சத்திரத்திலும் லைசென்சு இருந்தது. உசிலம்பட்டிக் கடையிலும் லைசென்சு இருக்கிறது.

சட்டம் என்ன சொல்லுது?

சில்லறை மருந்துக்கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் டாக்டர் சீட்டு மருந்தைக் கொடுக்கவேண்டும். 2014 மார்ச் முதல் கடுமையான ஆன்டிபயாடிக், தூக்க மாத்திரை போன்ற சில மருந்துகளுக்குத் தனி நோட்டுப் போட்டு, நோயாளி பெயர், டாக்டர் பெயர் எழுதி, மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டும். ஆய்வாளர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கடையைப் பார்க்கவேண்டும்.

நம்ம ஊரில் நடப்பது என்ன? "மேலுக்கு வலி, ஒரு செட்டு குடு" என்றால் போதும். கலர் கலராக நாலு மாத்திரை, கத்தரியால் நறுக்கி, காகிதத்தில் மடித்து வருகிறது. நறுக்கின துண்டில் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை.

கர்ப்பம் கலைக்கிற மாத்திரையும் சில இடங்களில் இப்படித்தான் கை மாறுகிறது என்கிறார்கள். பெண் சிசுக் கொலைக்காக 1986ல் டெல்லிப் பத்திரிகை வரைக்கும் பெயர் கெட்ட ஊர் இது. அந்தப் பெயரைக் கழுவ இன்னும் பாடுபடுகிறோம். டாக்டர் பார்க்காமல் அந்த மாத்திரையை விழுங்கி, ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பொண்ணு விழுந்தால், சுவரில் தொங்குகிற சான்றிதழா வந்து பதில் சொல்லும்?

கடைக்காரர் ஒருவரிடம் பேசினோம். மனம் விட்டுப் பேசினார்.

"மருந்தாளுநருக்குச் சம்பளம், கடை வாடகை, கரண்டு, பிரிட்ஜ்... எல்லாம் கொடுத்தா எனக்கு என்னண்ணே மிஞ்சும்? பெரிய கம்பெனிக் கடைக்காரன் 20 சதவீதம் தள்ளுபடி தர்றான். நான் எங்கே போவேன்?"

அவர் கஷ்டம் பொய் இல்லை. அதற்காகச் சான்றிதழை மாத வாடகைக்கு எடுத்து மாட்டலாமா? டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு அலைகிற பிள்ளைகள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். தன் பெயரை வாடகைக்கு விட்டுவிட்டு வேறு உத்தியோகம் பார்ப்பவரும் இந்தத் தப்பில் பங்காளிதான்.

மருந்தாளுநர் கடையில் இருந்திருந்தால் பாட்டிலுக்குள் இருக்கும் விஷத்தைக் கண்டுபிடித்திருப்பாரா? மாட்டார். அது சோதனைக்கூடத்து வேலை. ஆனால் "புள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டிருப்பார். கோல்ட்ரிப்பில் இருந்த மருந்துக் கலவையை நாலு வயசுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று மத்திய அரசு 2023 டிசம்பரிலேயே எச்சரித்திருந்தது. கடைப் பையனுக்கு அது தெரியாது. தெரியவேண்டியவர் சாப்பிடப் போயிருக்கிறார்!

மருந்து ஆய்வாளர்கள் பகல் பதினொரு மணிக்கு வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டுப் போவதில் பிரயோசனம் இல்லை. ராத்திரி ஏழு மணிக்கு, சந்தை நாளில் வரட்டும். மருந்தாளுநர் போட்டோவும் அவர் இருக்கும் நேரமும் கடை வாசலில் எழுதி மாட்டச் சொல்லட்டும். ஆள் இல்லையென்றால், விளக்கம் கேட்டு லைசென்சை நிறுத்தி வைக்கவோ ரத்து செய்யவோ லைசென்சு அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது.

வாங்குகிறவர்கள் பில் கேளுங்கள். பேட்ச் நம்பர் போட்ட பில். எஸ்.ஆர்.13 பாட்டிலை விற்காதே என்று கடைக்குச் சொல்லிவிடலாம். ஏற்கெனவே விற்ற பாட்டில் எந்த வீட்டு மாடக்குழியில் இருக்கிறது என்று பில் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்றைக்கு ஆண்டிப்பட்டி பஸ் ஏறிய பாட்டிக்குப் பையன் பில் கொடுக்கவில்லை. எந்த ஊர் என்றும் கேட்டு வைக்கவில்லை.